ஸ்டீவ் புளூமர்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கால்பந்தைப் பற்றி எங்கே பேச்சு நடந்தாலும் ஸ்டீவ் புளூமர் பெயரை நடுவில் இழுத்துவிடுவது என் பழக்கம். "யார்ரா அது?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அப்புறம் அதே கேள்விகள் அதே வரிசையில் வரும். வாயால் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனதால் இங்கே எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

யாருங்க இந்த ஸ்டீவ் புளூமர்? பேரே கேள்விப்பட்டதில்லையே.

1892 முதல் 1914 வரை இங்கிலாந்தில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவர். பிறந்தது 1874 ஜனவரி 20, கிரேட்லி என்ற ஊரில். ஆடியது இரண்டே கிளப்புகளுக்கு: டர்பி கவுண்டி, மிடில்ஸ்பரோ. லீக் ஆட்டங்களில் மட்டும் 352 கோல். இங்கிலாந்து அணிக்காக 23 ஆட்டங்களில் 28 கோல். அவர் காலத்தில் அந்த நாட்டில் அவரைத் தெரியாத பள்ளிக்கூடப் பையன் இருந்திருக்க மாட்டான். அவர் பெயர் போட்ட கால்பந்துக் காலணிகள் கடைகளில் விற்றன.

டர்பி கவுண்டி என்றதும் இன்றைக்குப் பலருக்கு ஞாபகம் வருவது 2007–08 பருவத்தில் வெறும் 11 புள்ளிகளோடு பிரீமியர் லீகிலிருந்து கீழே இறங்கிய அணிதான். ஆனால் 1888இல் இங்கிலாந்து லீக் தொடங்கியபோது அதில் சேர்ந்த முதல் 12 கிளப்புகளில் அதுவும் ஒன்று.

புளூமர்னா சின்னப் பிள்ளைங்க கவுனுக்குள்ள போடுறதாச்சே?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. அந்த உடுப்புக்குப் பெயர் வந்தது அமேலியா புளூமர் என்ற அமெரிக்கப் பெண்மணியால். பெண்கள் தளர்வான கால்சட்டை அணியலாம் என்று 1850களில் எழுதியும் பேசியும் வந்தவர். நம் ஆளுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சிரித்து முடித்துவிட்டு அடுத்த கேள்விக்கு வரலாம்.

இங்கிலாந்தோட முதல் புரொஃபஷனல் ஆட்டக்காரர் இவர்தானா?

இல்லை. ஆட்டக்காரருக்குச் சம்பளம் தருவதை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் சட்டப்படி ஏற்றுக்கொண்டது 1885 ஜூலையில். அப்போது புளூமருக்கு 11 வயது. அதற்கு முன்பே லங்காஷயர் மில் ஊர்களில் காசு கைமாறிக்கொண்டுதான் இருந்தது, திருட்டுத்தனமாக. அப்படிச் சம்பளம் வாங்குபவர் என்று எல்லோருக்கும் தெரிந்தே இங்கிலாந்து அணியில் முதலில் ஆடியவர் பிளாக்பர்ன் ரோவர்ஸின் ஜேம்ஸ் ஃபாரஸ்ட்.

புளூமர் அடுத்த தலைமுறை. "சம்பளம் வாங்கலாமா கூடாதா" என்ற சண்டை ஓய்ந்தபிறகு களத்துக்கு வந்தவர். அதனால் "முதல் ஆள்" பட்டம் அவருக்கு இல்லை. ஆனால் கூலிக்கு ஆடும் ஆட்டக்காரரின் முழு வாழ்க்கையும் எப்படி இருந்தது என்று பார்க்க இவரைவிட நல்ல ஆள் எனக்குத் தெரியவில்லை.

காசு வாங்கி ஆடுறதுல அப்படி என்ன தப்பு கண்டாங்க?

விதிகளை எழுதியவர்கள் பெரிய இடத்துப் பிள்ளைகள். ஈட்டன், ஹாரோ மாதிரியான பள்ளிகளில் படித்தவர்கள். அவர்களுக்கு ஆட்டம் என்பது பொழுதுபோக்கு; காசுக்கு ஆடுவது கௌரவக் குறைச்சல். மில் தொழிலாளிக்கு நிலைமை வேறு. வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் அரைநாள் கூலி போய்விடும். யாராவது ஈடு கட்டினால்தான் அவன் ஆட முடியும்.

1884இல் லங்காஷயரின் பிரெஸ்டன் நார்த் எண்ட் கிளப் காசு கொடுத்து ஆடவைக்கிறது என்று அப்டன் பார்க் என்ற லண்டன் கிளப் புகார் கொடுத்தது. பிரெஸ்டனை நடத்திய வில்லியம் சுடெல் மழுப்பாமல், ஆமாம், கொடுக்கிறோம், எல்லாரும்தான் கொடுக்கிறார்கள் என்கிற தோரணையில் ஒப்புக்கொண்டார். பிரெஸ்டனைக் கோப்பைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். வடக்கத்திக் கிளப்புகள் தனிச்சங்கம் தொடங்கிவிடுவோம் என்று மிரட்ட, அடுத்த ஆண்டே விதி மாறியது. இந்தப் பிரெஸ்டன் அணியிலிருந்து வந்த ஒருவர்தான் பின்னால் புளூமருக்கு குரு. அவரைப் பற்றிக் கீழே வரும்.

கால்பந்துக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தார்?

கொல்லுப்பட்டறை வேலை. பிறந்த ஊர் கிரேட்லி இரும்புச் சங்கிலி செய்வதற்குப் பெயர்போனது. அப்பா கேலப் இரும்பாலைத் தொழிலாளி. மகன் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் வேலை தேடி டர்பிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே லே என்பவரின் வார்ப்பட்டறையில் புளூமரும் சேர்ந்தார். கொல்லர் இடுக்கியில் பிடித்துக்கொடுக்க, எதிரே நின்று சம்மட்டியால் அடிப்பது அவர் வேலை.

ஆங்கிலத்தில் அந்தச் சம்மட்டி ஆளுக்கும் "ஸ்டிரைக்கர்" என்றுதான் பெயர். பட்டறையிலும் ஸ்டிரைக்கர், மைதானத்திலும் ஸ்டிரைக்கர். நான் ஜோடித்ததில்லை.

முதல் சம்பளம் எவ்வளவு?

வாரத்துக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்பது அந்தக் காலக் கணக்கு. ஆக அரைப் பவுண்டுகூட இல்லை. கால்பந்தை மட்டும் நம்பி வாழ முடியாத தொகை. 1892 செப்டம்பரில் ஸ்டோக் அணிக்கு எதிராக டர்பிக்கு முதன்முதலில் இறங்கியபோது வயது 18. ஜான் குடால் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொடுத்தார். முதல் லீக் பருவத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வென்ற பிரெஸ்டன் அணியின் முன்கள நட்சத்திரம் இந்தக் குடால். 1889இல் டர்பிக்கு வந்துவிட்டார்.

குடால் ஸ்காட்லாந்துப் பாணியில் வளர்ந்தவர். பந்தைத் தானே உருட்டிக்கொண்டு ஓடாமல் ஆளுக்கு ஆள் கொடுத்து வாங்கி ஆடும் பாணி அது. சீனியர் ஒருவர் புதுப்பையனைப் போட்டியாகப் பார்க்காமல் வளர்த்துவிடுவது எந்தக் காலத்திலும் அபூர்வம்தான். புளூமருக்கு அது வாய்த்தது.

பெரிய ஆள் ஆனபிறகாவது கைநிறைய சம்பாதிச்சாரா?

மற்றத் தொழிலாளிகளோடு ஒப்பிட்டால் ஆமாம். ஆனால் அவர் மதிப்புக்கு ஏற்ற காசு இல்லை. 1901இல் உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் கூடாது, வெற்றிக்கான போனஸும் கூடாது. கைத்தொழில் தெரிந்த ஒருவர் வாரம் 2 பவுண்டு பார்த்தாலே நல்ல வருமானம் என்றிருந்த காலம். ஆக, கொத்தனாரைவிட இரண்டு மடங்கு, அவ்வளவுதான்.

அவரைப் பார்ப்பதற்காகவே ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கு 6 பென்ஸ் கொடுத்து உள்ளே வந்தார்கள். அந்தக் காசு எங்கே போனது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பெயர் போட்ட காலணி, விளம்பரம் என்று கொஞ்சம் வெளிவருமானம் அவருக்கு இருந்தது. இந்த உச்சவரம்பு நியாயமா என்று கேட்டால், என் கட்சி ஆட்டக்காரர் கட்சிதான். தொகை அவ்வப்போது கூடினாலும் வரம்பு என்ற ஏற்பாடு 1961 வரை நீடித்தது.

ஒரு இடத்துல 332 கோல்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 352. எது சரி?

இரண்டும் சரி. 332 என்பது டர்பிக்காக மட்டும், லீக் கோல்களையும் கோப்பைப் போட்டி கோல்களையும் சேர்த்து, 525 ஆட்டங்களில். 352 என்பது லீக் கோல்கள் மட்டும், ஆனால் இரண்டு கிளப்புகளுக்கும் சேர்த்து: டர்பியில் முதல் தடவை 240, மிடில்ஸ்பரோவில் 59, டர்பிக்குத் திரும்பியபின் 53. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். இங்கிலாந்து அணிக்கான 28 கோல்கள் இந்த இரண்டு கணக்கிலும் இல்லை.

டர்பியின் அந்த 332ஐ இன்றுவரை யாரும் நெருங்கவில்லை. இரண்டாம் இடத்தில் இருக்கும் கெவின் ஹெக்டர் 201.

முதல் டிவிஷன் கோல் மட்டும் எத்தனை? அதுலயும் ரெண்டு கணக்கு இருக்கே.

இது உண்மையிலேயே பிசகும் இடம். 314 என்றும் 317 என்றும் இரண்டு எண்கள் புழங்குகின்றன. அந்தக் காலத்தில் கோல் யார் கணக்கு என்று அதிகாரபூர்வமாக எழுதிவைக்கும் வழக்கமில்லை. பத்திரிகைக்காரர்கள் எழுதியதுதான் ஆதாரம். கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போன பந்தை ஒரு பத்திரிகை ஒருவர் பெயரிலும் மறுபத்திரிகை இன்னொருவர் பெயரிலும் போடும்.

எதை எடுத்தாலும் வரிசை மாறாது. இங்கிலாந்தின் முதல்தட்டு லீகில் ஜிம்மி கிரீவ்ஸ் 357 கோலோடு முதலிடம், அடுத்து புளூமர், அதற்கடுத்து 310 கோல் அடித்த டிக்ஸி டீன்.

அந்தக் காலத்துல கோல் போடுறது ஈஸிதானே? டிஃபென்ஸே கிடையாதாமே?

இதைச் சொல்லாத ஆளே இல்லை. பாதி உண்மை. ஐந்து பேர் முன்வரிசையில் ஆடினார்கள், கடைசி வரிசையில் தடுக்க இரண்டே பேர். கோல்கீப்பரைத் தோளால் இடித்துத் தள்ளலாம். இவை கோல் போடுபவருக்குச் சாதகம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஆஃப்சைடு விதிப்படி, முன்னால் நிற்பவருக்குச் சக ஆட்டக்காரர் பந்தை அடிக்கும் நொடியில் அவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியின் மூன்று பேர் இருக்க வேண்டும். இன்று இரண்டு போதும். மூன்றை இரண்டாகக் குறைத்தது 1925இல். குறைத்த கையோடு லீகில் கோல்கள் மளமளவென்று கூடின, டிக்ஸி டீன் ஒரே பருவத்தில் 60 அடித்தார். புளூமர் ஆடியது முழுக்க மூன்று பேர் விதியில். போதாக்குறைக்கு, 1912 வரை கோல்கீப்பர் தன் பாதி மைதானம் முழுவதிலும் பந்தைக் கையால் தொடலாம். பெனால்டி அடிக்கும்போது கோட்டைவிட்டு முன்னால் ஓடிவரவும் 1905 வரை அவருக்கு அனுமதி இருந்தது.

ஆட்டங்களும் குறைவு. புளூமர் நுழைந்தபோது முதல் டிவிஷனில் 16 அணிகள், பருவத்துக்கு 30 லீக் ஆட்டங்கள்தான். மழையில் நனைந்த தோல்பந்து, மேலே நாடா முடிச்சு, உழுத வயல் மாதிரி மைதானம். அப்புறம் முக்கியமானது: எல்லோருக்கும் அதே விதி, அதே சேறுதான். ஈஸி என்றால் எல்லோரும் அடித்திருக்க வேண்டும். அவர் காலத்தில் முதல் டிவிஷனில் அதிக கோல் அடித்தவராகவோ முதலிடத்தைப் பகிர்ந்தவராகவோ ஐந்து பருவங்களை முடித்தவர் இவர் ஒருவர்தான்.

ஆள் எப்படி ஆடுவார்? உயரமா, பலசாலியா?

பட்டறைக்காரர் என்றதும் கட்டுமஸ்தான உருவம் மனதில் வரும். இவர் நடுத்தர உயரம், ஒல்லி, வெளிறிய முகம். அந்த முகத்துக்காகவே "பேல்ஃபேஸ்" என்று பட்டப்பெயர். எதிரணிக்காரர்கள் பக்கத்தில் இன்னொரு பெயரும் இருந்தது: அழிக்கும் தேவதை.

இடம் இன்சைடு ரைட், அதாவது முன்வரிசையில் நடு ஆளுக்கு வலப்பக்கம். பந்து வந்ததும் நிறுத்தி, சரிசெய்து, பிறகு அடிப்பது என்ற வேலையே கிடையாது. வந்த வேகத்திலேயே, காலைப் பின்னுக்கு ஓங்காமல், தரையோடு தரையாக அடிப்பார். எப்போது அடிக்கப்போகிறார் என்று கோல்கீப்பருக்குத் தெரிவதற்குள் பந்து வலையில் இருக்கும். இரண்டு காலும் பேசும். 1899 ஜனவரியில் ஷெஃபீல்டின் வெட்னஸ்டே அணியை டர்பி 9–0 என்று உரித்தபோது ஆறு கோல் இவருடையது. பந்தைக் கேட்ட இடத்தில் கேட்ட நேரத்தில் தராத சகஆட்டக்காரர்களை முறைப்பார், திட்டுவார் என்றும் பெயர் உண்டு. கூட ஆடுவதற்குச் சுலபமான மனிதராக இருந்திருக்க மாட்டார்.

இங்கிலாந்துக்கு 23 மேட்ச்தானா? இவ்வளவு பெரிய ஆளுக்கு கம்மியா தெரியுதே.

அப்போது இங்கிலாந்து ஆண்டுக்கு மூன்று ஆட்டம்தான் ஆடும்: ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து. ஐரோப்பிய அணிகளோடு ஆட ஆரம்பித்தது 1908இல்; புளூமரின் கடைசி ஆட்டம் 1907. ஆக 23 ஆட்டங்களும் இந்த மூன்று நாடுகளோடுதான். 13 பருவங்களுக்கு 39 ஆட்டங்கள் என்று வைத்தால் 23 மோசமில்லை. அணியைத் தேர்ந்தெடுத்தது ஒரு கமிட்டி. பெரிய பள்ளியில் படித்து, காசு வாங்காமல் ஆடும் கனவான்களுக்கு அங்கே தனிச் செல்வாக்கு. ஆனாலும் அப்படிப்பட்ட கனவானான ஜி. ஓ. ஸ்மித்தும் பட்டறை புளூமரும் முன்வரிசையில் சேர்ந்து ஆடியபோது அருமையாக ஒத்துப்போனது.

முதல் ஆட்டம் 1895 மார்ச்சில் அயர்லாந்தோடு, அதுவும் டர்பியிலேயே. 9–0, இவருக்கு இரண்டு கோல். அங்கிருந்து முதல் பத்து ஆட்டங்களில் ஒன்றுவிடாமல் கோல் போட்டார், மொத்தம் 19. 1896இல் கார்டிஃபில் வேல்ஸ் மீது ஒரே ஆட்டத்தில் ஐந்து, 1901இல் அதே வேல்ஸ் மீது நாலு. வேல்ஸ்காரர்களுக்கு இவர் பெயரைக் கேட்டாலே அலர்ஜியாக இருந்திருக்கும். இவருடைய 28 கோல் சாதனையை 1911இல் முறியடித்த விவியன் வுட்வர்டு சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்.

ஒரு கப்புகூட ஜெயிக்கலையாமே?

ஆட்டக்காரராகப் பெரிய பட்டம் எதுவும் இல்லை என்பது உண்மை. 1895–96இல் லீகில் ஆஸ்டன் வில்லாவுக்கு அடுத்து இரண்டாம் இடம். தோற்றவர் வெளியேறும் கோப்பைப் போட்டியான எஃப்.ஏ. கோப்பையில் கதை இன்னும் சோகம். 1898 இறுதியாட்டம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டோடு. அதற்குச் சில நாள் முன்புதான் லீகில் அதே ஃபாரஸ்டை டர்பி 5–0 என்று அடித்துத் துவைத்திருந்தது. ஃபாரஸ்ட் முக்கிய ஆட்களுக்கு ஓய்வு கொடுத்திருந்தது என்பதை டர்பிக்காரர்கள் கணக்கில் எடுக்கவில்லை போலிருக்கிறது. இறுதியில் 3–1 தோல்வி. டர்பியின் ஒற்றைக் கோல் புளூமருடையது.

அடுத்த ஆண்டும் இறுதி. ஷெஃபீல்டு யுனைடெடோடு இடைவேளையில் 1–0 முன்னிலை, முடிவில் 1–4. 1903இல் மறுபடியும் இறுதி. காயத்தால் புளூமர் இறங்கவில்லை, பரி அணியிடம் 6–0 தோல்வி. எஃப்.ஏ. கோப்பை இறுதியில் அதைவிடப் பெரிய தோல்வி இன்றுவரை இல்லை. 2019இல் மான்செஸ்டர் சிட்டியிடம் வாட்ஃபோர்டும் அதே 6–0 வாங்கி அந்த வேதனையைப் பங்குபோட்டுக்கொண்டது.

டர்பி மைதானத்துக்கு ஏன் "பேஸ்பால் கிரவுண்டு"னு பேரு? கால்பந்து கிளப்தானே?

புளூமர் வேலைபார்த்த பட்டறையின் முதலாளி ஃபிரான்சிஸ் லேயை மேலே சொன்னேன் அல்லவா, அவர் வேலை. அமெரிக்கா போய் வந்தவருக்கு பேஸ்பால் பைத்தியம் பிடித்துக்கொண்டது. தொழிலாளிகளின் விளையாட்டுத் திடலை பேஸ்பாலுக்கு ஏற்றபடி மாற்றினார். 1890இல் பிரிட்டனில் ஒரு பேஸ்பால் லீக்கே நடந்தது, ஆட்டம் ஊன்றவில்லை. 1895இல் டர்பி கவுண்டி அந்தத் திடலுக்குக் குடிவந்து 1997 வரை அங்கேயே ஆடியது.

சுவையான துணுக்கு: குடாலும் புளூமரும் அங்கே பேஸ்பாலும் ஆடினார்கள். புளூமர் ஆடிய டர்பி பேஸ்பால் அணி 1895, 1897, 1899 ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன். ஆக முந்தைய கேள்விக்குப் பாதிப் பதில் இது. கப் ஜெயித்தார், வேறு ஆட்டத்தில்.

ஜிப்சி சாபத்தாலதான் தோத்தாங்கனு சொல்றாங்களே?

அந்தத் திடலில் கூடாரம் போட்டிருந்த ரோமானி மக்களை விரட்டியதால் அவர்கள் சபித்துவிட்டார்கள், அதனால் கோப்பை கிடைக்காது என்பது ஊர்க்கதை. மூன்று தடவை இறுதியில் தோற்றால் எந்த ஊரிலும் இப்படி ஒரு கதை முளைக்கும். 1946இல் சார்ல்டனை 4–1 என்று வென்று டர்பி கோப்பையைத் தூக்கியது. அதற்கு முன் போய்ச் சாபத்தை எடுக்கச்சொன்னார்கள் என்று கதைக்கு ஒரு வாலும் சேர்ந்தது. அந்த ஆட்டத்தின் நடுவில் பந்து வெடித்தது மட்டும் கதை இல்லை, நடந்தது.

இவ்வளவு கோல் போட்டவரை டர்பி ஏன் வித்துச்சு?

கையில் காசு இல்லை. 1906 மார்ச்சில் மிடில்ஸ்பரோவுக்கு 750 பவுண்டுக்கு விற்றார்கள். அப்போது அவருக்கு 32 வயது. மிடில்ஸ்பரோ ஒரு வருஷம் முன்புதான் ஆல்ஃப் காமனை 1,000 பவுண்டு கொடுத்து வாங்கி நாட்டையே அலறவைத்திருந்தது. ஒரு மனிதனுக்கு ஆயிரம் பவுண்டா என்று பத்திரிகைகள் தலையங்கம் எழுதின. வீட்டில் தீப்பிடித்தால் தண்ணீருக்குப் பதில் பணத்தை ஊற்றும் கிளப் அது. புளூமரையும் காமனையும் வைத்து அந்தப் பருவத்தில் கீழே இறங்காமல் மயிரிழையில் தப்பியது.

டர்பி? அடுத்த பருவமே, 1907இல், வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. 750 பவுண்டில் என்ன மிச்சமானதோ.

அவர் "நான் போகமாட்டேன்"னு சொல்லியிருக்கலாமே?

சொல்லலாம், சொல்லிவிட்டு வீட்டில் இருக்கலாம். 1893 முதல் ஒரு ஏற்பாடு: ஆட்டக்காரரின் பதிவுச் சீட்டு கிளப்பின் கையில். ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். ஆனால் ஆண்டு முடிந்தாலும் கிளப் விடுவிக்காவிட்டால் லீகில் வேறு எங்கும் ஆட முடியாது. அவர் போக விரும்பினாலும் கிளப் சம்மதிக்க வேண்டும். கிளப் விற்க முடிவெடுத்தால் மறுப்பவருக்குச் சம்பளம் கிடைக்கும் என்ற உறுதியில்லை. விற்ற தொகையும் கிளப்புக்குத்தான். ஆட்டக்காரர் வாங்கக்கூடியது 10 பவுண்டு கையெழுத்துத் தொகை.

4 பவுண்டு உச்சவரம்போடு இதைச் சேர்த்துப் பாருங்கள். சம்பளத்தையும் ஏற்ற முடியாது, வேறு இடத்துக்கும் போக முடியாது. இந்த ஏற்பாடு செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது 1963இல், ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்கில். புளூமர் காலமாகி 25 வருஷம் கழித்து.

36 வயசுல டர்பிக்குத் திரும்பி வந்தாராமே, ஒப்புக்கு ஆடினாரா?

ஒப்புக்கு இல்லை. 1910இல் திரும்பியபோது டர்பி இன்னும் இரண்டாம் டிவிஷனில்தான் கிடந்தது. புளூமர் கேப்டனாக இருந்து 1911–12இல் அந்த டிவிஷனை வென்று மேலே ஏற்றினார். செல்சியும் டர்பியும் சமமாக 54 புள்ளி. கோல் சராசரியில் டர்பி முந்தியது. கடைசி ஆட்டம் 1914 ஜனவரியில், 40 வயது நிறைந்த கையோடு.

1914ல போய் யாராவது ஜெர்மனிக்கு வேலைக்குப் போவாங்களா?

போனவருக்கு ஆகஸ்டில் என்ன நடக்கும் என்று தெரியாதே. ஓய்வுபெற்ற ஆட்டக்காரருக்கு பென்ஷன் கிடையாது. கையில் இருக்கும் தொழில் கால்பந்து. அதைக் கற்றுக்கொடுக்க பிரிட்டிஷ்காரர்களை ஐரோப்பா தேடிக்கொண்டிருந்தது. பிரிட்டானியா பெர்லின் 92 என்ற கிளப்பில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. ஜூலையில் போய் இறங்கினார். மூன்று வாரத்தில் போர்.

அவர் மட்டும் போகவில்லை. டாட்டன்ஹாமுக்கு 1901இல் கோப்பை வாங்கித் தந்த ஜான் கேமரன் டிரெஸ்டனில் இருந்தார். ஃபிரெட் பென்ட்லண்ட் ஜெர்மன் ஒலிம்பிக் அணிக்குப் பயிற்சி தர வந்திருந்தார். எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள்.

போர்க்கைதியா இருந்தார்னு படிச்சேன். அவர் ராணுவத்துலயா இருந்தார்?

இல்லை. எதிரிநாட்டுக் குடிமகன் என்பதற்காகப் பிடித்துவைத்தார்கள். 1914 நவம்பரில் ஜெர்மனியிலிருந்த பிரிட்டிஷ் ஆண்களைத் திரட்டி, பெர்லினுக்கு வெளியே ரூலேபென் என்ற குதிரைப் பந்தயத் திடலில் அடைத்தார்கள். நாலாயிரம் பேருக்கு மேல். தங்குமிடம் குதிரை லாயம். ஒரு குதிரை நின்ற இடத்தில் ஆறு பேர். கப்பல் மாலுமிகள், வியாபாரிகள், பேராசிரியர்கள், பாடகர்கள் என்று கலவையான கூட்டம். பின்னால் நியூட்ரானைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய ஜேம்ஸ் சாட்விக்கும் அங்கேதான் இருந்தார். அவரும் புளூமரும் பேசிக்கொண்டார்களா என்று யோசிப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

சிறைக்குள்ள எப்படி ஃபுட்பால் ஆட விட்டாங்க?

முதல் குளிர்காலம் கொடுமையாகத்தான் போனது. பிறகு திடலின் ஒரு பகுதியைக் கைதிகளுக்கு விட்டார்கள். இத்தனை பழைய ஆட்டக்காரர்கள் ஒரே இடத்தில் இருந்தால் என்ன நடக்கும்? ரூலேபென் கால்பந்துச் சங்கம் பிறந்தது. லாயத்துக்கு ஒரு அணி, லீக், கோப்பை, ஆட்ட அட்டவணை எல்லாம் உண்டு. பெரிய ஆட்டங்களுக்கு ஆயிரம் பேருக்கு மேல் வேடிக்கை பார்த்தார்கள். நாற்பதைத் தாண்டிய புளூமர் அங்கேயும் ஆடினார், கிரிக்கெட்டும் ஆடினார். 1918 மார்ச்சில் நெதர்லாந்துக்குப் போக அனுமதி கிடைத்தபோது அவருக்காக வழியனுப்பு ஆட்டமே வைத்தார்கள். நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமின் பிளாவ் விட் கிளப்புக்குப் பயிற்சி கொடுத்தார்.

அவருடைய வாழ்க்கையில் சம்பளம், உச்சவரம்பு, டிரான்ஸ்ஃபர் எதுவும் இல்லாமல் ஆடிய ஆட்டம் முள்வேலிக்குள் இருந்த அந்த மூன்றரை வருஷம்தான்.

ஸ்பெயின்ல கோப்பை ஜெயிச்சார்ங்கிறது உண்மையா, கதையா?

உண்மை. 1923இல் ரியல் யூனியன் கிளப்புக்குப் பயிற்சியாளராகப் போனார். பிரான்ஸ் எல்லையை ஒட்டிய இருன் என்ற சின்ன ஊர். 1924இல் ஸ்பெயினின் அரசர் கோப்பையில் பார்சிலோனாவைத் தாண்டி, இறுதியில் ரியல் மாட்ரிட்டை 1–0 என்று வென்றார்கள். ஆட்டக்காரராக 22 வருஷம் கிடைக்காத கோப்பை, அங்கே பயிற்சியாளராக முதல் பருவத்திலேயே. ரூலேபென் சகா பென்ட்லண்டும் ஸ்பெயினுக்குப் போய், பில்பாவோ அணியோடு பட்டங்களை வாங்கிக் குவித்தார். அவர் கதை தனியாக எழுத வேண்டியது.

கடைசிக் காலம் கஷ்டமா போச்சா?

வசதியாகப் போகவில்லை, கைவிடப்படவும் இல்லை. டர்பிக்குத் திரும்பி, கிளப்பிலேயே இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, மைதானத்துச் சில்லறை வேலைகள் என்று இருந்தார். உடம்பு முடியாமல் போனபோது கிளப்பும் நண்பர்களும் சேர்ந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கம் கப்பல் பயணம் அனுப்பிவைத்தார்கள். திரும்பிவந்த சில வாரங்களில், 1938 ஏப்ரல் 16 அன்று காலமானார். வயது 64.

இப்ப இருந்தா நார்வே ஸ்டிரைக்கர் எர்லிங் ஹாலண்ட் அளவுக்கு வருவாரா?

இன்றைய உணவு, பயிற்சி, மருத்துவம் இல்லாத 1896ஆம் ஆண்டு ஆளை அப்படியே தூக்கிவந்து இறக்கினால் பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கும். ஹாலண்டை அங்கே கொண்டுபோய், கனத்த காலணியும் நனைந்த தோல்பந்தும் கொடுத்து, மூன்று பேர் ஆஃப்சைடு விதியில் ஆடவிட்டால் அவரும் முதல் பாதியிலேயே நடுவரிடம் சண்டைக்குப் போவார். பந்தை நிறுத்தாமல் அடிக்கும் அந்த ஒரு வித்தை மட்டும் எந்த நூற்றாண்டிலும் விலைபோகும் என்று நினைக்கிறேன்.

டர்பி மேட்ச் ஆரம்பிக்கும்போது ஒரு பாட்டு போடுறாங்களே, அது இவரைப் பத்தியா?

ஆமாம். புளூமர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற பொருளில் வரும் பாட்டு. அணிகள் களத்துக்கு வரும்போது போடுவார்கள், மொத்த அரங்கமும் கூடப் பாடும். 2009இல் அவருடைய மார்பளவுச் சிலையையும் வைத்தார்கள். இருப்பது வாசலில் இல்லை. உள்ளே, களத்தின் ஓரமாக, டர்பி அணியின் மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்தில். அடுத்த முறை டர்பி ஆட்டம் ஓடும்போது கேமரா அந்தப் பக்கம் திரும்பினால் கவனியுங்கள்.